வளைவில் நின்றுபோகும் வயலின்

ஆலங்காயத்திலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்கு நான் மலையேறிப் போன ஷேர் ஜீப்பின் டிரைவர் அவர். நரைத்த மீசை, வலது காதை மட்டும் மூடாமல் விட்ட மப்ளர். ஒரு இசையமைப்பாளர் தன் பழைய படங்களின் பின்னணி இசையைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்காக மாற்றி எழுதிய ஆல்பத்தை வண்டியில் போட்டிருந்தார்.

“இன்னா டிரைவரே, இன்னும் பாடவே ஆரம்பிக்கலியே?” என்றார் புளிமூட்டைமேல் உட்கார்ந்திருந்த அம்மா.

“இதுல யாரும் பாடமாட்டாங்கம்மா. சும்மா கேளும்மா.”

ஆனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார். எதிரே வண்டி வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே திருப்பி, அப்புறம்தான் கூட்டுவார். வயலின்கள் உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்து ஒரு வளைவு வந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“இதை முழுசா கேட்டிருக்கீங்களா?”

“எங்கங்க? தினம் அடிவாரத்துல முதல்லேர்ந்து போடறேன். அந்த இடம் வர்றப்போ கரெக்டா வளைவும் வந்துடுது.”

“வீட்ல கேக்கலாமே?”

“வூட்ல போட்டுப் பார்த்தேங்க. மலை ஏறாம கேட்டா நல்லாவே இல்ல, நிறுத்திட்டேன்.”

ஊர் திரும்பி ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். அவர் கேட்காத இடம் பிரமாதம்தான். ஆனாலும் வயலின்கள் ஏறும்போது என் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கிறது. எதிரே ஏதாவது வண்டி வருகிறதா என்று கேட்கிறேன்.