பெட்டியிலிருந்து உருவிய கம்பி

இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம், ஓர் ஆடி மாதம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவச் சாமியார்கள், நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், புத்தக அறையில் எடுபிடி வேலை எனக்கு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தூசி தட்டுவேன், அட்டை நிறத்தை வைத்துப் புத்தகம் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு முன் மேகமலை எஸ்டேட்டில் இருந்தேன். அங்கே வந்த காய்ச்சல் ஆளையே உருக்கிவிட்டது. மறுபடி மலை ஏறினால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

புத்தக அறைக்குப் பொறுப்பாக என்னைவிட வயதில் சின்னவரான வாத்தியார் ஒருவர். புத்தகம் அடுக்குவதற்கென்றே மெட்ராஸ் போய்ப் படித்து வந்தவர். இதற்கெல்லாமா படிப்பு என்று ஊரே சிரித்தது. நானும் மனசுக்குள் சிரித்தேன். வந்தவர் ஒரு வருஷம் குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அது எங்கே இருக்கிறது என்று ஒரு கார்டு எழுதி, வரிசையாக நீளப் பெட்டியில் அடுக்கினார். கார்டுகளின் அடியில் ஓட்டை போட்டு, அதன் வழியே ஓர் இரும்புக் கம்பி.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைச் சொல்லவேண்டும். மலை இடுக்கில் புகுந்து வரும் காற்று, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். ஒரு தடவை என் மாமன் வேட்டியை... சரி, அது வேறு கதை. அன்று புத்தக அறை ஜன்னலின் கொக்கி உடைந்து கதவு படார் படாரென்று அடித்தது. காகிதப் பெட்டிக்கு இரும்புக் கம்பி எதற்கு என்று, அதை உருவி ஜன்னலுக்குத் தாழ்ப்பாளாகச் செருகிவிட்டேன்.

மறுநாள் பெட்டியைப் புது அறைக்கு மாற்றச் சொன்னார்கள். தலையில் தூக்கிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். கல் தடுக்கியது. அவ்வளவுதான், கார்டெல்லாம் கொக்குக் கூட்டம் மாதிரி பறந்து பக்கத்துக் கடலைக்காட்டில் விழுந்தது. களையெடுத்த பெண்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள்.

"ஏலே, சாமியார் பள்ளிக்கூடத்துல சீட்டாட்டமா நடக்குது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆத்தா, என் பொழப்பே பறக்குது, கேலி பேசாத!" என்றேன்.

எல்லாம் கிடைத்தது. வரிசைதான் போய்விட்டது. மடியில் கட்டிக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் கொட்டினேன்.

"கம்பிய நாந்தேன் உருவுனேன், சார்."

"இப்ப எங்கன இருக்கு?"

"ஜன்னல்ல."

எழுந்து போய்ப் பார்த்தார். முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். திரும்பினார், சிரிப்பு!

"காத்து உள்ள வராம அடைச்சுப்புட்டு, பெட்டியக் காத்துக்குள்ள தூக்கிட்டுப் போயிருக்கியேப்பா!" என்றவர், "கார்டு கலையாமப் புடிக்கத்தேன் கம்பின்னு மெட்ராஸ்ல எனக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தாக. நான் ஒனக்குச் சொல்லலையே. தப்பு எம்மேலதேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூன்று நாள் இருவரும் தரையில் உட்கார்ந்து கார்டுகளை மறுபடி வரிசைப்படுத்தினோம். கார்டின் மேலிருந்த குறியும் புத்தக முதுகில் இருந்த குறியும் ஒன்றாக இருக்குமாம். கோலத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்துப் பார்த்து நானே பாதிக்கு மேல் சேர்த்தேன்.

இன்றைக்கும் என் பிள்ளைகள் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு வந்து நின்றால், திட்ட வாயெடுக்கும் முன், அது எதற்கு என்று நான் சொல்லிக் கொடுத்தேனா என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.