வெளிக்கிடுகிறவரைக் கேட்கக் கூடாது

என் மாமி ஞானாம்பிகை பதினொரு வருடம் ஒரு மோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றினார். மொன்ட்ரியாலில் மாமி இருக்கும் லாசாலில் இருந்து தெற்கே, அமெரிக்க எல்லைக்கு அருகில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே பன்னிரண்டு அறைகள். கணவன், மனைவி, இரண்டு மகன்கள் அதை நடத்தினார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முதலாளியம்மா மாமியிடம் கேக் கொடுத்துவிடுவாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம்.

போன வருடம் மோட்டலுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தைத் தோண்டி நான்கு உடல்களை எடுத்தார்கள். நான்கு பேரும் தனியாக வந்து தங்கியவர்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்கப் புல்வெளியில் வழிப்போக்கர்களைக் கொன்று புதைத்த ஒரு சத்திரக் குடும்பத்தைப் பத்திரிகைகள் நினைவுபடுத்தின. பயணத்தில் இருந்த நான் அதை லீமாவில், ஒரு விடுதி அறையில், போனில் படித்தேன். படித்துவிட்டு அதே அறையில் தூங்கினேன்.

நான்காவது ஆள் சஞ்சீவன், மாமியைப் போல மட்டக்களப்பு. ஆப்பிள் பறிக்க வந்து ஆறு வாரம் தங்கியவர். அவரைக் கடைசியாகக் கண்டது மாமி. பொலிசிடம் சொல்லியாகிவிட்டது. சஞ்சீவனின் மனைவி நிரஞ்சலாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் மொன்ட்ரியால்-நோரில் இருந்து வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பயணம் முடிந்து திரும்பியிருந்த நானும் மாமி வீட்டில் இருந்தேன்.

மாமி காலையில் இருந்து ஒரே விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணிக்குத் தண்ணி வை புள்ள. மூணு வருசம் உலகம் சுத்தின ஆளுக்குக் கேத்தில் எங்க இருக்கெண்டு தெரியல்ல."

நிரஞ்சலா வந்தாள். குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"கடைசியாக் கண்டது நீங்கதானாம் அக்கா."

"ஓம். சனிக்கிழமை பின்னேரம். முதலாளியம்மாட மூத்த மகன்ட ட்ரக்குல, பையோட ஏறினவர். போயிட்டு வாறன் அக்கா எண்டார்."

"நீங்க?"

"தலையாட்டினன்." மாமி விரிப்பின் மூலையை நீவினார். "ட்ரக் ரோட்டுப் பக்கம் திரும்பல்ல. தோட்டத்துப் பக்கம் போனது. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டன்."

"எங்க போறீங்க எண்டு கேக்கல்லையா?"

"வெளிக்கிடுற ஆளை எங்க எண்டு கேக்கப்படாது. போற காரியம் சரிவராது எண்டு சொல்லுவாங்க. அதால கேக்கல்ல."

பொலிசில் இதை மொழிபெயர்த்த பெண் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதிகாரிக்கு விளங்கவில்லை. நிரஞ்சலாவுக்கு விளங்கியது.

"அண்டைக்கு எனக்கும் போன் எடுத்தவர்," என்றாள். "வெளிக்கிடப்போறன் எண்டார். ஆரோட, எதால எண்டு நானும் கேக்கல்ல அக்கா. அதாலதான்."

தேநீர் ஆறிப் போனது. நாலு மணிக்கு அவள் எழுந்து சப்பாத்தைப் போட்டாள்.

"போயிட்டு வாறன் அக்கா."

மாமி கதவடியில் நின்றார். நான் பயணம் புறப்பட்ட நாளில் இதே இடத்தில் நின்று, ஒன்றும் கேட்காமல் தலையாட்டியவர்.

"எங்க போறாய் புள்ள?"

நிரஞ்சலாவின் கை கதவுப் பிடியில் அப்படியே இருந்தது.

"வீட்டதான் அக்கா. பஸ்ஸுல மெட்ரோவுக்கு. பிறகு திரும்ப பஸ்."

"எந்த பஸ்?" என்று மாமி கேட்டார்.