அப்பா சொன்னதில் பாதி

பக்கவாதம் வந்தபோது அப்பாவிடமிருந்து பிரெஞ்சு மட்டும் போய்விட்டது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், இளம் வயதிலேயே பிரெஞ்சு விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். வீட்டில்கூடப் பாதி அந்த மொழிதான். தொண்ணூற்று மூன்று வயதில் தமிழ் மட்டும் மிஞ்சியது.

போன வருடம் பிரான்சிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். எழுபது தாண்டியவர். இங்குள்ள பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்களிடம் விசாரித்து, எனக்குக் கடிதம் போட்டுவிட்டுத்தான் வந்தார். கையில் ஒரு புகைப்படம். அதில் இரண்டு எஞ்சின் வைத்த சின்ன விமானம். கோயெலான் என்று பெயர்; பிரெஞ்சில் ஒரு கடற்பறவையைச் சொல்லும் சொல். போர்க்காலத்தில் ஆட்களை ஏற்றிப்போன அந்த மர விமானத்தில்தான் பிறகு மொராக்கோவில் புது பைலட்டுகளைப் பழக்கினார்களாம். இறக்கைக்குக் கீழே இரண்டு இளைஞர்கள். ஒருவர் அப்பா. இன்னொருவர் பயிற்சி பைலட், அந்தப் பெண்மணியின் தகப்பனார். படம் எடுத்த அதே மாதம், விமானம் மேலே எழும்பியதும் ஒரு எஞ்சின் நின்று, அது விழுந்ததில் அவர் இறந்துபோனார்.

"அப்போது நான் மூன்று மாதக் குழந்தை. பைலட்டின் தவறு என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு ஏதாவது நினைவிருக்குமா?" என்று கேட்டார்.

அப்பாவின் காதருகே குனிந்து தமிழில் சொன்னேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அவன் மேல தப்பு இல்லம்மா. காலையில டேங்குல கொஞ்சம் பெட்ரோல் புடிச்சி, தண்ணி கலந்திருக்குதான்னு பாக்கணும். அது என் வேல. அன்னிக்கி நான் பாக்கல. பாத்தேன்னு கையெழுத்து போட்டுட்டேன். சொல்லு அவங்ககிட்ட."

"உங்கள் அப்பா மீது தவறே இல்லை என்கிறார்" என்றேன் பிரெஞ்சில்.

அதோடு நிறுத்திவிட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். அடுத்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. அப்பாவைக் காப்பாற்ற நினைத்தேன் என்று இப்போது சொன்னால் பொய். எதையும் நினைக்கவில்லை. டீயில் ஆடை படிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணி அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "மெர்சி, முசியே" என்று திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். "எல்லாத்தயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்ப்பா."

"திட்டலியே?"

"இல்லப்பா."

அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். மூன்றாவது வாரம் இறந்துபோனார். சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் என்னை அழச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு எத்தனை காபி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. அறிக்கையைத் திருத்த விண்ணப்பிக்கிறாராம். அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். உட்கார்ந்து முழுவதையும் எழுதினேன். அன்று நான் பாதியில் நிறுத்தியதையும், அப்பா கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சேர்த்தே எழுதினேன். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, வரும் வழியில் காய்கறி வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே கேள்விதான்.

"நான் கையைப் பிடித்தபோது, எல்லாம் தெரிந்துதான் பிடிக்கிறேன் என்று அவர் நினைத்தாரா?"

ஆமாம் என்று எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.