முதல் தட்டு டியூக்குக்கு

சாந்தோமில் அந்த வீட்டில் முதலில் நாய்க்குச் சாப்பாடு. பிறகு ஃபிரெட்ரிக்குக்கு. மிச்சம் இருப்பது அவர் தங்கை வெரோனிகாவுக்கு. இந்த வரிசையை ஏற்படுத்தியவர் ஃபிரெட்ரிக்தான். கப்பலில் என்ஜினியராக இருந்து வீடு திரும்பிய வாரமே அதைச் சொல்லிவிட்டார்.

"வாயில்லா ஜீவன் வெரோ. அதுக்குப் பசின்னா கேக்கத் தெரியாது. உனக்கு வாய் இருக்கு இல்ல?"

வாய் இருந்தது. ஆனால் அந்த வாயைத் திறந்து வெரோனிகா எதையும் கேட்டுப் பெற்றதாக ஐம்பத்தெட்டு வயது வரை நினைவில்லை. மாதா கோயில் பங்குப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டாள். ஒரு வரன் வந்தது, ராயபுரத்தில் போஸ்ட் ஆபீசில் வேலை. அப்போது ஃபிரெட்ரிக் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்து, "பண்ணிக்கோ, தாராளமா பண்ணிக்கோ. அம்மாவை யாரு தூக்கி உக்கார வைப்பா, அதை மட்டும் சொல்லிட்டுப் பண்ணிக்கோ" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அம்மா கல்லறைக்குப் போன பிறகு அண்ணன் ஒரேயடியாகக் கரைக்கு வந்தார். மனைவி எப்போதோ அவரை விட்டுவிட்டுப் போயிருந்தாள். அவரோடு வந்தது நாய் ஒன்றுதான். வெண்ணெய் நிறத்தில் ஒரு லேப்ரடார், பெயர் டியூக்.

மந்தைவெளியில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் ஷம்ஷாத், டியூக்குக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். தோலும் எலும்பும் எடுத்த கோழியை வேகவைத்துப் பிய்த்துப் போட வேண்டும். அதோடு கொஞ்சம் சோறு, கேரட், பரங்கிக்காய். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் விஷம். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். எண்ணெய், நெய், கொழுப்பு பக்கமே போகக் கூடாது.

"லேப்ரடாருக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாதும்மா. வெச்சா தின்னுக்கிட்டே இருக்கும். நாமதான் நிறுத்தணும்" என்றார் டாக்டர்.

வெரோனிகா நிறுத்தினாள். தினமும் காலையில் தனிப் பாத்திரத்தில் டியூக்குக்குச் சமைத்து, ஆறவைத்து, விரலால் சூடு பார்த்துத் தட்டில் வைத்தாள். ஃபிரெட்ரிக் பக்கத்தில் நின்று கோழியைக் கிளறி எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை ஊசிபோல ஒரு துண்டு அகப்பட்டது. அதைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகக் காட்டி, "உன் தொண்டையில வெச்சுக் குத்தவா?" என்றார். பிறகு சிரித்தார். டியூக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது.

நாய்மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை. அதற்கு யாரையும் வேறுபடுத்தத் தெரியாது. அவளைப் பார்த்தாலும் அதே வால், பால்காரனைப் பார்த்தாலும் அதே வால்.

அவளுடைய பிறந்தநாள் வந்தது. காலைப் பூசை முடிந்து வரும் வழியில் லூப் ரோட்டு மீன்கடையில் வஞ்சிரம் இரண்டு துண்டு வாங்கினாள். தனக்கென்று மீன் வாங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று மசாலா தடவி ஊறவைத்துப் பொரித்தாள். அவருக்குப் பரிமாறிவிட்டுத் தன் தட்டில் சோறு போட்டு, மீனை ஓரமாக வைத்து, ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஃபிரெட்ரிக் அவள் தட்டிலிருந்த மீனைக் குழாய்த் தண்ணீரில் அலசி, மசாலாவை வழித்து, முள்ளெடுத்து, துண்டு துண்டாக டியூக்குக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மீன் எண்ணெய் ரோமத்துக்கு நல்லதாம், டாக்டர் சொன்னாங்க இல்ல?" என்றார். "நீ ரசம் ஊத்திச் சாப்பிடு. இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்குப் பளபளப்பு?"

அவள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். டியூக்கின் தட்டையும் கழுவினாள்.

மறுநாள் காலை, டியூக்கின் சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் விட்டாள்.

அதைச் செய்யும்போது மனத்தில் திட்டம் எதுவும் இருந்ததாக அவளால் சொல்ல முடியாது. கை போனது, அவ்வளவுதான். நாய் தட்டை நக்கிய வேகத்தில் தட்டு தரையில் நகர்ந்து சுவர்வரை போயிற்று. நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த நாள் இரண்டு ஸ்பூன்.

கோழிக்கடை சர்தாரிடம் தோலையும் கொழுப்பையும் கேட்டு வாங்க ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, தோலு இன்னாத்துக்கு? குப்பைல போடறது அது" என்றார் சர்தார்.

"நாய்க்குத்தான்."

"உங்க வூட்டு நாய்க்கா? அது டாக்டராண்ட காட்டி வளக்கற நாயாச்சே. கொழுப்பு ஆவாதுக்கா."

"ஆசையாச் சாப்பிடுது சர்தார்" என்றாள் வெரோனிகா. அது பொய்யில்லை.

தோலைச் சட்டியில் போட்டு அதன் கொழுப்பிலேயே பொரியவிட்டு, பொடித்து, பிய்த்த கோழிக்கு அடியில் மறைத்து வைப்பாள். எலும்பு இல்லாததால் ஃபிரெட்ரிக்குக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. டியூக்கின் ரோமம் மின்னியது. கழுத்தில் சதை மடிந்தது. இடுப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் "ராஜா மாதிரி இருக்கான்" என்றார்கள். ஃபிரெட்ரிக் பூரித்துப் போனார்.

"இப்பத்தான் உனக்குச் சமையல் வந்திருக்கு வெரோ" என்றார் ஒருநாள்.

அண்ணன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அன்று அவள் சட்டியில் இன்னும் கொஞ்சம் கொழுப்பு சேர்த்தாள்.

அவள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. டியூக் இடம் மாறியது. ஃபிரெட்ரிக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்த நாய், அடுப்படி வாசலில் படுக்க ஆரம்பித்தது. அவர் "டியூக்" என்று கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். அவள் கரண்டியை எடுத்தால் எழுந்து நிற்கும். வாக்கிங் கூட்டிப்போக அவர் சங்கிலியோடு நின்றால் அவள் முகத்தைப் பார்க்கும். ஃபிரெட்ரிக்குக்கு இது பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் நாயைத் தன் அறைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தி, கைத்தடியால் அடித்தார். "சோறு போட்டவளுக்கு நாயா நீ? என் நாய் இல்ல?" என்று கத்தினார். டியூக் ஊளையிட்டது.

வெரோனிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள் குலுங்கியது. அதோடு, நெஞ்சுக்குள் எங்கோ ஓர் இனிப்பும் ஊறியது. இத்தனை வருஷத்தில் அண்ணனிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். கதவு திறந்ததும் நாய் நொண்டியபடி நேராக அவளிடம் வந்து மடியில் தலையை வைத்தது. அவள் அதற்கு வெண்ணெய் ஊட்டினாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. வீடு முழுக்க எண்ணெய் மணம். கல்கல் பொரித்தாள், அச்சுமுறுக்கு சுட்டாள், பன்றிக்கறி விந்தாலு வைத்தாள். பொரித்து மிஞ்சிய எண்ணெயில் சோற்றைப் பிரட்டி டியூக்குக்கு வைத்தாள். பண்டிகைக்கு மறுநாள் நாய் வாந்தி எடுத்தது. தண்ணீர் குடித்தது, அதையும் கக்கியது. பிறகு முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டு கூடத்தில் மாதா படத்துக்கு முன்னால் அப்படியே நின்றது.

"பாரேன், ஜெபம் பண்றான்!" என்று ஃபிரெட்ரிக் சிரித்தார். செல்போனில் படம்கூட எடுத்தார்.

நாய் அசையவில்லை. வயிற்றுவலி தாங்காமல் நாய்கள் அப்படி நிற்கும் என்பது கிளினிக்குக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் ஷம்ஷாத் வயிற்றைத் தொட்டதுமே டியூக் அலறியது. ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். "கணையம் வீங்கியிருக்கு சார். என்ன குடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதான். தங்கச்சிதான் சமைக்கிறா."

டாக்டர் வெரோனிகாவைப் பார்த்தார். "எண்ணெய், நெய் ஏதாவது?"

"பண்டிகை இல்லையா டாக்டர். கீழ கொட்டினதை நக்கியிருக்கும்" என்றாள்.

டியூக்கைக் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெரோனிகா தினமும் போய்ப் பார்த்தாள். கூண்டுக்குள் படுத்திருந்த நாய் அவள் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்க முயன்று, முடியாமல் வாலால் மட்டும் தரையைத் தட்டியது. அவள் கம்பிக்குள் விரலை விட்டாள். நாய் நக்கியது. நாக்கு காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். 'ஆண்டவரே, இதை மட்டும் காப்பாத்து, இனிமே செய்ய மாட்டேன்' என்று வேண்டினாள்.

ஆண்டவர் காப்பாற்றினார். டியூக் வீட்டுக்கு வந்தது.

"கொழுப்பு ஒரு துளி உள்ள போனாலும் மறுபடி வரும். வந்தா நான் கேரண்டி குடுக்க முடியாது" என்று டாக்டர் ஃபிரெட்ரிக்கிடமும் அவளிடமும் சேர்த்தே சொன்னார். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும் குழைந்த சோறும் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

வெரோனிகா சொன்னது சொன்னபடி செய்தாள். ஆனால் நெய்யும் தோலும் தின்று பழகிய நாய்க்கு இந்தக் கஞ்சி பிடிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவளை நிமிர்ந்து பார்த்தது. அவள் கூடாது என்று தலையசைத்தாள். நாய் மெல்ல எழுந்து, இத்தனை மாதத்தில் முதன்முறையாக, ஃபிரெட்ரிக்கின் நாற்காலிக்குப் போயிற்று.

ஃபிரெட்ரிக் விந்தாலு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பண்டிகை விந்தாலுவை ஃபிரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணிச் சூடு பண்ணித் தின்பது அவர் வழக்கம். தட்டின் ஓரத்தில் கறியின் கொழுப்பு வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. டியூக் அவர் தொடையில் தாடையை வைத்தது. அவர் முகம் சின்னப் பையன் முகம்போல மலர்ந்தது.

"இன்னாடா நைனா? வந்துட்டியா? அவ பத்தியச் சோறு போட்டு உன்னைக் கொல்றாளா? யாருடா உன் ஆளு? நான்தானே?"

கொழுப்பை எடுத்து நீட்டினார்.

வெரோனிகா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். 'வேண்டாம் அண்ணா' என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல் போதும். அப்போது நாய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்குவதையும், அவர் ஜெயித்தவர்போல அவளை நிமிர்ந்து பார்ப்பதையும் கண்டாள். பிறந்தநாளன்று அவள் தட்டு மீனை நாய்க்கு ஊட்டியபோதும் அவர் இப்படித்தான் பார்த்தார். வெரோனிகா திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் இன்னொரு துண்டும் கொடுத்தார்.

டியூக் மறுநாள் மத்தியானம் கிளினிக் மேசையில் செத்துப்போனது. சாவதற்கு முன் வெகுநேரம் கத்தியது.

"யார் என்ன குடுத்தீங்க?" டாக்டர் ஷம்ஷாத்தின் குரலில் மரியாதை போயிருந்தது.

ஃபிரெட்ரிக் தங்கையைக் கைகாட்டினார். "இவ வெச்ச கஞ்சிதான். அன்னிலேர்ந்துதான் அவன் சோர்ந்தான்."

"பன்றிக்கறிக் கொழுப்பு, டாக்டர்" என்றாள் வெரோனிகா. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நிதானக் குரல். "அண்ணன் குடுத்தார். ரெண்டு துண்டு. நான் பார்த்தேன்."

"பார்த்துக்கிட்டு சும்மா இருந்தீங்களா?"

"அவர் நாய். அவர் வீடு."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "இது ரெண்டு துண்டுல வந்த வியாதி இல்லம்மா. முதல் தடவையே நீங்க உண்மையைச் சொல்லியிருக்கணும். இந்த உடம்புல மாசக்கணக்கா கொழுப்பு ஏறியிருக்கு" என்றார். அது வெரோனிகாவின் காதில் மட்டும்தான் விழுந்தது. ஃபிரெட்ரிக் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, "நானா? நானாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுப் பின்பக்கம் ஆள்வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்று சாயங்காலம் அவர் அவளிடம் வந்து கேட்டார், "நெஜமாவே அதாலதானா வெரோ?"

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "டாக்டர்தான் சொன்னாங்களே அண்ணா, ஒரு துளி போனாலும் வரும்னு. நீ கேட்டியா?"

அதன் பிறகு அதை எத்தனை விதமாகக் கேட்டாலும் அவளிடமிருந்து அதே பதில் வந்தது. அவர் கோபப்பட்டுக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார், ஒருநாள் அழுதுகொண்டு கேட்டார். அவள் குரல் உயரவே இல்லை. மெல்ல மெல்ல அவர் கேட்பதை விட்டார். வாக்கிங் நின்றது. அதிகாரம் நின்றது. சாப்பிட உட்காரும் முன் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார். "அண்ணனை எப்படித் தாங்குறாங்க பாரு, அந்த நாய் போனதுலேர்ந்து அவர் பாதி ஆளாயிட்டார்" என்று பூசை முடிந்து வரும் பெண்கள் வெரோனிகாவைப் புகழ்ந்தார்கள். அவள் சிரித்தாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். கால் வலி என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முடிந்து வெயில் ஏறியிருந்த சமயம், எதிர்வீட்டு ஜெயஸ்ரீ தன் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போகிறாளாம், திரும்ப ஒரு மாதம் ஆகுமாம்.

"உங்களவிட யாராத்துல இவளை நம்பி விடறது ஆன்ட்டி? பால், தயிர்சாதம்னு குடுத்துண்டிருந்தேன். அது மட்டும் போறாது, மீனோ கறியோ இல்லாட்டா பூனைக்குக் கண்ணே போயிடும்னு டாக்டர் பயமுறுத்திட்டா. அதான் டின்ல வர மீன் சாப்பாடு வாங்கிக் குடுக்கறேன். அதையும் கொண்டுவந்திருக்கேன்."

கூடத்து நாற்காலியில் இருந்த ஃபிரெட்ரிக் எழுந்து வந்தார். பூனை கூடைக்குள்ளிருந்து தலை நீட்டியது. அவர் விரல் நுனியால் அதன் நெற்றியைத் தொட்டார். அது கண்ணை மூடிக்கொண்டது. வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"விட்டுட்டுப் போங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றவர், உடனே தங்கையின் பக்கம் திரும்பினார். "பார்த்துக்கலாமா வெரோ?"

வெரோனிகா பூனையைப் பார்த்தாள். பிறகு ஜெயஸ்ரீயிடம், அன்பான குரலில், அவர் காதுபடவே சொன்னாள்:

"வேண்டாம் ஜெயஸ்ரீ. அண்ணனுக்குக் கை நிக்காது. பாசத்துல எதையாவது குடுத்துடுவார். அப்புறம் உனக்கு யாரு பதில் சொல்றது?"

ஃபிரெட்ரிக் விரலை எடுத்துக்கொண்டார். ஜெயஸ்ரீ சங்கடப்பட்டு, "அச்சச்சோ, பரவாயில்ல ஆன்ட்டி, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்று கூடையை மூடினாள். பூனை உள்ளே இருந்து ஒருமுறை கத்தியது. அவள் தெருவைத் தாண்டிப் போகும்வரை அவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வா அண்ணா, வெயில் அடிக்குது" என்றாள் வெரோனிகா.

அவர் உள்ளே வந்தார்.