செத்தவீட்டில் எரியாத அடுப்பு

லண்டனில் பதினைந்து வருடம் தொலைக்காட்சித் தொடர்கள் இயக்கி, இரண்டு திரைப்படங்களும் எடுத்தவள் நான். ஜெர்மனிக்கு வந்தால் புதுமுகம். ஒரு துப்பறியும் தொடரில் ஒரேயொரு பகுதியைத் தந்து, "இது சரிவந்தால் அடுத்த வருடத் தொடர் முழுவதும் உங்களுக்குத்தான்" என்றார் தயாரிப்பாளர். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வேண்டியிருந்தது.

கதை ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீட்டில் நடக்கிறது. மகன் கொலையாகிவிட்டான். பொலிஸ் விசாரிக்க வரும்போது தாய் அடுப்படியில் நின்று கறி கிளறுகிறாள். ஆவி, தாளிதம், கண்ணீர். நாலு தரம் வாசித்து, கேமரா எங்கே நிற்க வேண்டும் என்றுகூடக் குறித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தாயாக நடிக்க வந்தவர் பீலெஃபெல்டிலேயே குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். அகப்பையைக் கொடுத்ததும் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, செத்தவீட்டில ஆர் அடுப்பு மூட்டுறது?"

"கதையில அப்பிடித்தான் அக்கா எழுதியிருக்கு."

"எழுதினவருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமோ தெரியாது? அடக்கம் முடியுமட்டும் அயலட்டைதான் சாப்பாடு கொண்டு வரும். பிள்ளையைப் பறிகுடுத்தவள் நிண்டு கறி காய்ச்சுவாளோ?"

அயலவராக நடிக்க வந்திருந்த எட்டுப் பெண்களும் ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. என் அப்பா செத்தபோது எங்கள் லண்டன் வீட்டு மேசை முழுக்க அடுத்த வீடுகளின் சட்டிகள்தான் இருந்தன. அதைத் தின்று அழுதவள் நான். எப்படி மறந்தேன்?

நேரே தயாரிப்பாளரிடம் போனேன். அடுப்பு எரியாது, அயலவர்கள் சோறு கொண்டு வருவார்கள், தாய் சும்மா இருப்பாள் என்றேன்.

"கறி இல்லாவிட்டால் இது தமிழ் வீடு என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்கள் தமிழ் பேசுகிறார்களே, போதாதா?"

அவர் சிரிக்கவில்லை. இரண்டு விதமாகவும் எடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு எதை வைப்பார்கள் என்று தெரியாமலா இத்தனை வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டினேன்? முடியாது என்றேன். ஒரு விதமாகத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சோற்றுச் சட்டியை மூடியோடு வைத்துவிட்டுப் போகிறாள், தாய் அதைப் பார்க்கவேயில்லை. ஒரே டேக்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அடுத்த வருடத் தொடர் வேறொருவருக்கு. அந்தக் காட்சியையும் அவரே கறியோடு திரும்ப எடுப்பாராம். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாயாக நடித்த அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அவை கூப்பிட்டா போங்கோ அக்கா. எனக்காக வேலையை விடாதேங்கோ."

"காலமையே கூப்பிட்டவை, திரும்ப எடுக்க எந்த நாள் வரலாம் எண்டு டெர்மின் கேட்டு. ஒம்பது பேரும் ஏலாது எண்டு சொல்லிப்போட்டம். வேணுமெண்டா அந்தப் புது டைரக்டரே நிண்டு கறி காய்ச்சட்டும்."

நான் எடுத்தபடியேதான் அந்தக் காட்சி ஒளிபரப்பானது.