அப்பா சொன்னாங்க, சித்தப்பா சொன்னாங்க

ஆய்வு மாணவர்களின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் தஞ்சாவூரில் எனக்குப் பிழைப்பு. எந்த அறிஞர் எதைச் சொல்லியிருந்தாலும் பிள்ளைகள் ‘செய்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அடித்துத் திருத்துவேன். ஆதாரம் காட்டாமல் சொன்னால் ‘கிளெய்ம்ஸ்’, விடாப்பிடியாகச் சொன்னால் ‘இன்சிஸ்ட்ஸ்’, தன் பக்கத்துக் குறையைத் தானே சொன்னால் ‘அட்மிட்ஸ்’. “எல்லாம் ஒண்ணுதானே மேடம்?” என்று கேட்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வராது. எல்லாம் ஒன்றில்லை என்பதை ஏழாவது படிக்கும்போதே கண்ணால் பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவின் வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். வயலையும் நடுவில் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். போர் மோட்டார் மட்டும் பொது. அது சித்தப்பா பக்கத்து வயலில் இருந்ததால் கொட்டகைச் சாவியும் சித்தப்பா வீட்டில்தான் தொங்கும். ஒரு வருஷம் வரப்பு வெட்டும்போது சித்தப்பா நம் மண்ணில் ஒரு சாண் உள்ளே வந்துவிட்டார் என்று அப்பா டீக்கடையில் சொல்லப் போக, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றால் பேச்சு நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. அது வீட்டுப் பிள்ளைகளின் வாய்க்கு மாறிவிடும், அவ்வளவுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் பிள்ளை. இந்த வாசலில் இறங்கி அந்த வாசலில் ஏறி, கேட்டதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன். திட்டு இருந்தால் திட்டோடு சேர்த்து. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தக் குறுவைக்குக் கடைமடையான எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேரவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் நட்டும் பிரயோஜனமில்லை. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், சாப்பிட மாட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“போய்க் கேளு. அது என்ன அவன் அப்பன் வீட்டு மோட்டாரா?”

“அவரு அப்பன் யாரு, உங்க அப்பன்தானே?” என்றார் அம்மா.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் எங்கள் இங்கிலீஷ் மிஸ், ஒருவர் கருத்தை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும்போது எல்லா இடத்திலும் ‘சொன்னார்’ என்கிற ‘செட்’டையே போடக்கூடாது என்று பாடம் எடுத்திருந்தார். ஒரு பத்து வினைச்சொல்லைப் போர்டில் எழுதிப்போட்டார். ‘சஜஸ்டெட்’ என்று போட்டால் சண்டைக்காரன்கூட நல்லவனாகத் தெரிவான் என்றார். எனக்கு அது பெரிய மந்திரமாகப் பட்டது. சித்தப்பா வீட்டுப் படியேறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

“ரெண்டு நாள் மோட்டார் கிடைச்சா நாத்து பொழச்சுக்கும்னு அப்பா யோசனை சொன்னாங்க சித்தப்பா.”

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தொண்டையைத் திறந்தார். “யோசனையா? ஒரு மம்முட்டி மண்ணு நான் கூட எடுத்திருந்தா என் கை விளங்காம போகட்டும். வேணும்னா அளந்து பாக்கச் சொல்லு உங்கப்பனை. அது வரைக்கும் சாவி கிடையாது.”

இறங்கி வரும் வழியிலேயே இதை மிஸ்ஸின் போர்டில் வைத்துப் பார்த்தேன். மறுத்தார் என்று ‘டினைட்’ போட்டால் நாற்று போச்சு. அப்பா முன்னால் போய் நின்று, “ஒரு மம்முட்டி மண்ணு கூடப் போயிருக்கலாம்னு சித்தப்பா ஒத்துக்கிட்டாங்கப்பா. அளந்துக்கலாம்னு கேட்டுக்கிட்டாங்க” என்றேன். ஒரே மூச்சில் ‘அட்மிட்டெட்’டும் ‘ரிக்வெஸ்டெட்’டும்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, வயலில் ஆள் கூப்பிடுகிற குரலில் பேசினார்.

“அப்படியா சொன்னான்? அவனே அவ்வளவு எறங்கி வந்தப்புறம் எனக்கு என்ன வீம்பு? அந்த ஒரு சாண் மண்ணை அவனே வெச்சுக்கட்டும்னு சொல்லு. டீக்கடையில நான் பேசினதும் தப்புதான்னு சொல்லு.”

இதற்கு ஏற்ற வினைச்சொல்லை மனசுக்குள் தேடிக்கொண்டே நான் வாசலுக்கு வந்தால், சித்தப்பா எங்கள் படியிலேயே நிற்கிறார். கையில் சாவி.

“அண்ணே, நாத்து முத்திரும். வாங்க, இப்பவே போடுவோம்.”

அப்பா செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “நீரடிச்சு நீர் விலகுமா?” என்று முணுமுணுத்துவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தார். எனக்கு மட்டும்தான் மனத்தாங்கல். நான் போய்ச் சொல்வதற்குள் இந்த மனுஷன் வந்து நின்று, அன்றைய தினத்தின் ஆகச்சிறந்த வாக்கியத்தை வீணடித்துவிட்டாரே என்று. மறுநாள் மிஸ்ஸிடம் பெருமையடித்துக்கொண்டதோடு அதையும் மறந்துபோனேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நடுச்சுவரை ஒட்டிக் கிடக்கும் அப்பாவின் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தேன். குழம்பில் உப்பு குறைச்சல் என்று சித்தப்பா சித்தியிடம் சொல்வது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. சடாரென்று எழுந்து உட்கார்ந்தேன். அப்பா எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, அன்னைக்கு மோட்டார் சாவிக்கு என்னை அனுப்பினீங்களே. சித்தப்பா அங்கே நிஜமா சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அப்பா பேப்பரை இறக்கவே இல்லை.

“நீ வந்து சொன்னதுதான் எனக்குக் கேட்டுச்சு” என்றார்.