அக்காவின் பார்வையில் குறை இல்லை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன், பள்ளி வேன் ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "பேசத்தான் மாட்ட, எழுதவாவது எழுது" என்று மாமா சொன்னதால் எழுதுகிறேன்.

அக்கா சைதாப்பேட்டையில் பிறந்தார். அப்பா கோர்ட் வாசலில் மனுக்கள் டைப் அடித்துக் கொடுப்பவர். நான் பிறந்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது. அம்மா படுக்கையில் விழுந்ததும், பள்ளி இறுதி முடித்திருந்த அக்கா தி. நகரில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களை உறையில் போட்டுப் பெயர் எழுதும் வேலை. நகைக்கடைகளிலிருந்து கேட்லாக்குக்காக நகைகள் வரும், கூடவே ஒரு காவலாளியும் வருவார். ஒருநாள் கேமராக்காரர் வரவில்லை. காவலாளி அவசரப்படுத்தவே அக்கா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். முப்பது வருஷமாக அந்தத் தலை வெளியே வரவில்லை என்று மாமா கேலி செய்வார்.

அது பெரிய கேமரா. முன்னால் லென்ஸ், பின்னால் படம் விழும் கண்ணாடித் திரை, நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. உள்ளங்கை அகலத்துக்கு ஃபிலிம், ஒரு படத்துக்கு ஒரு தாள். மூக்குத்தி மாதிரிச் சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கத் துருத்தியை நீளமாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க வெளிச்சம் குறையும். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கீழே உஸ்மான் சாலையில் பஸ் போய் மாடி அதிர்ந்தால் படம் கெட்டுவிடும். அக்கா, லென்சின் முன்னால் க்ளோசப் லென்ஸ் என்ற வட்டக் கண்ணாடியைத் திருகிக்கொண்டார். துருத்தியை இழுக்காமலே பொருளுக்கு நெருக்கமாகப் போகலாம். வெளிச்சமும் குறையாது. ஓரங்கள் கொஞ்சம் மழுங்கும். நகை நடுவில்தானே இருக்கிறது என்பார்.

அங்கே விளக்கு பிடிக்கும் பாய் ஒருவர் இருந்தார். அவருக்கும் அக்காவுக்கும் ஓயாத வம்பு.

"இன்னாம்மா, கேமராவுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிக்கினு கீற?"

"கிட்டப் பாக்கணும்னா நீங்க போட்டுக்கல? அதுக்கும் வேணும் பாய்."

"எனக்கு ஒண்ணுதான். அதுக்கு ஒண்ணு மேல ஒண்ணு மாட்டுறியே."

"அதுக்கு உங்களைவிட வயசு ஜாஸ்தி."

ஸ்டூடியோ டிஜிட்டலுக்கு மாறியபோது அக்காவும் மாறிக்கொண்டார். மூலையில் கிடந்த பெரிய கேமராவை முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். என் மனைவிக்கு நாத்தனார் என்பதைவிடத் தோழி என்பதே சரி.

பிறகு சர்க்கரை, அதன்பின் சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள் அடையாற்றில் டயாலிசிஸ். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அக்காவைக் கூட்டிப்போவேன். மதியம் வேன் எடுக்க நான் கிளம்பும்போது மனைவி வந்து உட்காருவாள். நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. களைப்பாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அக்காவுக்கு என்னைவிடக் களைப்பு.

அந்த நாட்களில்தான் அவர் மீன் தலைக்கல்லைப் படமெடுக்க ஆரம்பித்தார். கத்தாழை மீனின் மண்டைக்குள் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். மொச்சைக்கொட்டை அளவுதான். பெரிதாக எடுத்தால் அதில் வரி வரியாக மேடும் பள்ளமும் தெரியும். நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் மீன் விற்கும் அம்மாவிடம் போய்க் கேட்போம்.

"இன்னாக்கா, மீன வுட்டுட்டு மண்டய கேக்குற?"

"உள்ள கல்லு இருக்குல்ல, அதுக்குத்தான்."

"ஊர்ல பாதிப் பேருக்கு மண்டைல கல்லுதான். மீனுத மட்டும் இன்னாத்துக்கு போட்டோ புடிக்கிற?"

"மீனுதுதான் அசையாம இருக்கும்."

மயிலாப்பூரில் நண்பர்கள் கண்காட்சி ஏற்பாடு செய்தார்கள். பதினொரு படங்கள் தயாராகிவிட்டன. பன்னிரண்டாவது, வாசலில் மாட்டும் பெரிய படம். ஃபிலிம் இரண்டு தாள்தான் மீதி இருந்தது. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பார்த்து, அக்கா மொட்டை மாடி அறையில் கறுப்புத் துணிமேல் கல்லை வைத்து, ஒரு மணி நேரம் போராடி ஃபோகஸ் வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு தாளையும் நீயே எடுத்துடுடா, என்னால எழுந்திருக்க முடியல" என்றார்.

க்ளோசப் லென்சில் ஒரு விரல்தடம் இருந்தது. துடைக்கலாம் என்று கழற்றினேன். அப்போது ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்து, மதியம் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பேசிக்கொண்டே துடைத்து, பேசிக்கொண்டே டப்பாவில் போட்டு மூடினேன். வேலை முடிந்ததும் அதைத் துடைத்து டப்பாவில் வைப்பது எத்தனையோ வருடமாக என் வேலை. கை அதன் பழக்கத்தைச் செய்துவிட்டது. அக்கா ஃபோகஸ் வைத்தது அந்தக் கண்ணாடியோடு; அது இல்லாமலே இரண்டு தாளையும் எடுத்தேன். அன்று மதியம் வேன் ஓட்டும்போதுதான் உறைத்தது. ஒருவேளை தப்பித்திருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பெரிய படம் வீட்டுக்கு வந்தது. உறவினர்கள் பலரும் இருந்தார்கள். பிரித்துப் பார்த்த பெரியப்பா வீட்டு அண்ணன், "இன்னாமா இது, பஞ்சு மாரி கீது" என்றார். அக்கா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "ஃபோகஸ் தப்பிடுச்சு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அக்கா இனிமேல் அடுப்பைத் தொட வேண்டாம், மாடி ஏற வேண்டாம், தனியாக ரோட்டைக் கடக்க வேண்டாம். கண் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "இருக்குற ஆஸ்பத்திரியே போதும்" என்றார் அக்கா. கேமரா இருந்தால் கை துறுதுறுக்கும் என்று அண்ணன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் ஷோகேஸில் வைத்தார். அக்காவின் நல்லதுக்காகத்தான் செய்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான்.

கண்காட்சி பதினொரு படங்களோடு நடந்து முடிந்தது. அதன்பின் அக்கா எட்டு மாதம் இருந்தார். ஒரு படமும் எடுக்கவில்லை. யாரும் அவரிடம் காய் நறுக்கக்கூடக் கொடுக்கவில்லை. ஒருநாள் டயாலிசிஸ் நடக்கும்போது, "அக்கா, அன்னிக்கு அந்தப் படம்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா. கல்லு, துணி எல்லாம் ஒரே மாதிரி கலங்கி இருந்துச்சு. நான் வெச்ச ஃபோகஸ் அப்படிப் போகாது. லென்ச டப்பால போட்டுட்ட."

"அன்னிக்கே ஏன்கா சொல்லல?"

"அத்தினி பேர் முன்னாடி உன்னக் காட்டிக் குடுக்கவா? நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

நான் மெஷினில் ஓடும் எண்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

"சரி வுடு. போர்வய இழுத்து வுடு, குளிருது" என்றார்.

அடுத்த வாரம் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அடுத்த வாரம் அக்கா ஐசியுவில் இருந்தார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் ஊசி குத்திய டயாலிசிஸ் சகோதரிகளுக்கும், தெருத் தெருவாக அலைந்து ரத்தம் தேடிக் கொடுத்த நண்பர்களுக்கும், கடைசி நாள்வரை வந்து பார்த்த பாய்க்கும், செலவும் அலைச்சலும் பாராமல் எல்லாக் காரியத்தையும் நின்று நடத்திய பெரியப்பா வீட்டு அண்ணனுக்கும், மாமாவுக்கும், என் மனைவிக்கும் நன்றி சொல்கிறேன். அண்ணனிடம் மன்னிப்பும் கேட்கிறேன். அவர் நம்பியது என் மௌனத்தை.

இந்த மலரின் பின்னட்டையில் அந்தப் பன்னிரண்டாவது படத்தையே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். நல்ல படங்கள் இருக்கும்போது இது எதற்கு என்று அச்சகத்தில் கேட்டார்கள். உங்களில் யாராவது அதைப் பார்த்து, பாவம், கண் தெரியாத காலத்தில் எடுத்தது என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் தயவுசெய்து, "இல்ல, அவங்க சரியாத்தான் வெச்சாங்க, தம்பிதான் லென்ச கழட்டிட்டான்" என்று சொல்லிவிடுங்கள். எல்லோரிடமும் நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.